பாலிங் போட்ட முடிச்சு

பாலிங் கட்டிய தார்ப்பாய், சாயங்காலச் சோறு வெந்துகொண்டிருக்கும்போது எங்கள் தலையில் விழுந்தது. நல்ல மழை. பாயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அடுப்பில் கொட்டி நெருப்பை அணைத்தது. அரைவேக்காட்டுச் சோற்றில் சாம்பல் கலந்தது. பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்ட தவுக்கே லாவ், கேமராப் பையை மார்போடு அணைத்தபடி உள்ளேயிருந்தே கேட்டார்.

"ரெங்கி, இது எல்லாப் பயணத்துலயும் உண்டா, இல்ல எனக்கு மட்டுமா?"

சிபு டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர் அவர். கடை முதலாளியைத் தவுக்கே என்பது எங்கள் வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை கடையை மகளிடம் விட்டுவிட்டு, காட்டு ஆர்க்கிட் பூக்களைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவார். மெலுவாங் ஆற்றின் மேல்காட்டுக்குள் அவரைக் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு. இத்தனை வருடத் தொழிலில் என்னோடு வந்த யார் தலையிலும் பாய் விழுந்ததில்லை. எழுந்துபோய்ப் பாயின் மூலைகளைப் பார்த்தேன். ஒரு மூலையில் கயிறு கிளையைச் சும்மா சுற்றியிருந்தது. இன்னொன்றை மரக்கவட்டில் சொருகியிருந்தான். மற்ற இரண்டுக்கும் மேலே கல். நாலு மூலையிலும் தேடினாலும் ஒரு முடிச்சு கிடையாது.

பாலிங் என் மனைவி செனியாவின் தம்பி. ஆள் நல்ல கட்டுமஸ்து. எங்கள் ஆற்றில் அவனைவிட நன்றாக நீந்துகிறவன் கிடையாது. அதனால்தான் எப்போதும் அவனைத் துணைக்கு அழைப்பேன். ஆனால் இந்தப் பயணத்தில் கிளம்பிய நாளிலிருந்தே அவன் போக்கு சரியில்லை. வழியில் தொங்கும் கொடியை வெட்டச் சொன்னால், வெட்டாமல் முள்ளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு வந்தான். மூட்டை கட்டச் சொன்னால் விறகு பொறுக்கப் போனான். படகை மரத்தில் கட்டச் சொன்னபோது திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது. முந்தின நாள் பாறையில் வழுக்கி என் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அந்தக் காலோடு அவன் வேலையையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், கையில என்ன வாதமா? ஒரு முடிச்சு போட முடியலையா உனக்கு? பொம்பளப் புள்ளைக்கு ரிப்பன் கட்டத் தெரிஞ்சவன்கூட இதைவிட நல்லாக் கட்டுவான்டா."

"மச்சான், கொஞ்சம் இந்தப் பக்கம் வா."

"எந்தப் பக்கமும் வரமாட்டேன். இங்கயே சொல்லு. தவுக்கேயும் கேக்கட்டும், அவரு தலையிலதானே விழுந்துச்சு."

"வா மச்சான்."

அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. நொண்டிக்கொண்டே போனேன். ஒரு பெரிய மரத்தின் பின்னால் நின்று, மழைச் சத்தத்தோடு சத்தமாகச் சொன்னான்.

"லெமியா உண்டாயிருக்கா. நாலு மாசம்."

லெமியா அவன் மனைவி.

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் எதையும் கட்டக்கூடாது. முடிச்சுப் போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, ஓடையை மறிக்கக்கூடாது, குறுக்கே தொங்கும் கொடியை அறுக்கக்கூடாது. அவன் இங்கே எதை இறுக்குகிறானோ அது அங்கே அவள் வயிற்றில் இறுகும். ஊரே ஒரே கூரைக்கடியில் வாழும் எங்கள் நீளவீட்டில் இது தெரியாதவர் கிடையாது. இதெல்லாம் பைபிளில் இல்லை என்று பாஸ்டர் சொல்வார். பாஸ்டரின் மனைவி முழுகாமல் இருந்தபோது அவர் படகைப் பக்கத்து வீட்டுக்காரன்தான் கட்டினான். எல்லாரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை.

பாலிங்குக்கு இது மூன்றாவது. முதல் பிள்ளை வயிற்றிலேயே நின்றுபோனது. இரண்டாவது, தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டு நீலமாக வெளியே வந்தது. நான்தான் அதற்குப் பெட்டி செய்தேன். அப்பா ஆணி அடிக்கக்கூடாது என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன், இனி அடித்தால்தான் என்ன என்று பிறகுதான் உறைத்தது.

"கொடி சுத்துறது எல்லா ஊர்லயும் நடக்கும்னு நர்ஸ் சொன்னாங்கள்ல," என்றேன்.

"சொன்னாங்க. சரியாவே இருக்கட்டும். அந்த மாசம் நான் வலை பின்னினேன் மச்சான். கண்ணுக்குக் கண்ணு முடிச்சு. ராத்திரி பகலா உக்காந்து பின்னினேன்."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு லெமியா சத்தியம் வாங்கிட்டா. போன ரெண்டு தடவையும் ஊரு பூரா சொல்லிட்டுத்தான் சுத்தினோம்."

"அப்ப எதுக்குடா காட்டுக்கு வந்த?"

"வரலைன்னா ஏன்னு கேப்ப. உனக்குத் தெரிஞ்சா அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சா ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரனுக்கும் தெரியும்."

செனியாவின் வாயைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான். அவன் தோளைப் பிடித்தேன்.

"சரி. இனி இந்தப் பயணத்துல கட்டுறது நான், வெட்டுறது நான். நீ தூக்கு, சமை, நீந்து. கயித்துப் பக்கமே வராத."

திரும்பி வந்து பாயை நானே கட்டினேன். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு முடிச்சு போதும், நான் மூன்று போட்டேன். தவுக்கே என்னையும் பாலிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாம்பல் சோற்றைச் சாப்பிட்டார்.

மழை விடியும்வரை விடவில்லை. நாங்கள் தங்கியிருந்தது மெலுவாங் ஆறும் ஒரு காட்டோடையும் சேரும் மூக்கில். விடிந்து பார்த்தால் ஓடை எங்களுக்குப் பின்னால் தாழ்ந்த நிலத்தில் ஏறி, வந்த வழியை மூடிவிட்டிருந்தது. வரும்போது மேலே ஓரிடத்தில் நடந்தே கடந்த ஆறு, இப்போது முன்னால் செம்மண் நிறத்தில், இலையும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் படகு நிற்கும் துறை அக்கரையில், அரைநாள் நடையில் இருக்கிறது. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டேன். காப்பி கொதிப்பதற்குள் குச்சியைக் காணோம்.

"வடியற வரைக்கும் காத்திருக்கலாமா ரெங்கி?" என்றார் தவுக்கே.

"காத்திருக்கலாம் தவுக்கே. மரத்து மேல ஏறித்தான் காத்திருக்கணும். ஏறுவீங்களா?"

அவர் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். அவர் கடைச் சரக்கு. கிளம்பியதிலிருந்து அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

ஆற்றைக் கடக்க ஒரே வழிதான். ஒருவன் கயிற்றோடு நீந்திப்போய் அக்கரையில் மரத்தில் கட்ட வேண்டும். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். என் முழங்காலோடு அந்த வேகத்தில் நான் நாலு கை நீந்தமாட்டேன். தவுக்கேயைப் பற்றிப் பேச்சே இல்லை. பாலிங்தான் போக வேண்டும். போனால் அக்கரையில் கட்டுகிறவனும் அவன்தான்.

அவன் இடுப்பில் கயிற்றை நான் கட்டினேன். கட்டும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கம் போய் இதை அவிழ்க்கலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவிழ்க்கிறதுக்கு என்ன, நல்லதுதான்."

"மரத்தைச் சுத்து. அஞ்சாறு சுத்து சுத்திட்டு, மிச்சக் கயித்தை உடம்பால அழுத்திப் பிடி. முடிச்சு வேணாம். பிடிச்சா நிக்கும்."

"நிக்குமா மச்சான்?"

"நிக்கும்."

நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

அவன் நீந்திய நீச்சலைப் பார்த்திருக்க வேண்டும். மேலே வெகுதூரம் நடந்துபோய் இறங்கினான். ஆறு அவனைக் கீழே தள்ளத் தள்ள, குறுக்கே வெட்டிக்கொண்டே போனான். நடுவில் ஒருமுறை தலை காணாமல் போனது. பிறகு அக்கரை வேர்களைப் பிடித்து ஏறுவது தெரிந்தது. கரையோரம் ஒரு என்சுராய் மரம். வேர் பாறைக்குள் இறங்கிய மரம் அது, எந்த வெள்ளத்துக்கும் நகராது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதைச் சுற்றினான். நுனியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், காலை வேரில் முட்டுக் கொடுத்துச் சாய்ந்து நின்றான். இந்தப் பக்கத்து முனையை நான் இழுத்துக் கட்டினேன். கயிறு விறைத்தது.

தவுக்கே கண்ணைச் சுருக்கி அக்கரையைப் பார்த்தார்.

"அவன் கட்டலையே ரெங்கி."

"எங்க ஊர்ல இப்பிடித்தான் தவுக்கே. கடைசியில சட்டுனு உருவிக்கலாம்."

"காலம் பூரா கயிறு வித்திருக்கேன். இப்பிடி ஒரு முறையை நான் பாத்ததில்ல."

"விக்கிறதுக்குக் கட்டத் தேவையில்லையே தவுக்கே."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை நம்பி வந்த மனிதரை முடிச்சில்லாத கயிற்றில் அனுப்புகிறேன். நல்ல வழிகாட்டியாக இருந்தால் அக்கரையைப் பார்த்து, கட்டுடா என்று ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியைச் செய்த என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. தவுக்கேயின் இடுப்பில் வளையம் கட்டிப் பெரிய கயிற்றில் மாட்டினேன். போய்ச் சேர்ந்ததும் அவரையே முடிச்சுப் போடச் சொல்லிவிடலாம், நான் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். கேமராப் பையை விடச் சொன்னேன். கேட்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பாதி ஆறு நன்றாகத்தான் போனார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. ஒவ்வொரு கையாக நகர்த்தி, நான் சொல்லிக் கொடுத்தபடி மேல் பக்கம் பார்த்துக்கொண்டே போனார். அவர் நகரும்போதெல்லாம் பாலிங்கின் கைகளுக்கிடையில் கயிறு கொஞ்சம் வழுக்குவதும், அவன் திரும்ப இழுப்பதும் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டையை முதலில் பார்த்தது தவுக்கேதான். நான் அவர் முகத்தைப் பார்த்து, பிறகுதான் மேலே பார்த்தேன். வேரோடு முறிந்த ஒரு அடிமரம், உருண்டு உருண்டு வந்தது. விலக நேரமில்லை. அவர் இடுப்பில் இடித்து, கயிற்றின் மேல் ஏறி, தாண்டிப் போய்விட்டது. அவர் கை விட்டுப்போனது. இடுப்பு வளையம் மட்டும் பிடித்து நிறுத்த, ஆறு அவரைக் கீழ்நோக்கி நீட்டிப் போட்டது. முகம் தண்ணீருக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடி போனது. கழுத்துப் பையின் பட்டை அவரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

கீழே வளைவில், எங்கள் கரைப் பக்கமாக, பழைய வெள்ளங்கள் கொண்டுவந்த மரங்கள் குவிந்து கிடந்தன. தண்ணீர் அதற்கடியில்தான் நுழைந்து போகும். அதற்குள் போன காட்டுப்பன்றிகூட மறுபக்கம் வந்ததை நான் பார்த்ததில்லை.

அக்கரையில் சுற்றுகள் வழுக்க ஆரம்பித்தன. பாலிங் மரத்தோடு மரமாக இழுபட்டான். அவன் கயிற்றை விட்டால் தவுக்கே நேராக அந்தக் குவியலுக்கடியில் போவார். பிடித்துக்கொண்டே நின்றால் அவர் தொங்கிக்கொண்டே மூழ்குவார். போய்த் தூக்க வேண்டுமென்றால் கயிறு தானாக நிற்க வேண்டும். நான் இறங்கினால் என் எடையும் சேர்ந்து மிச்சச் சுற்றையும் உருவிவிடும். இதெல்லாம் யோசித்துச் சொல்வதுபோல் இருக்கிறது. அப்போது யோசிக்கவில்லை, தெரிந்தது, அவ்வளவுதான்.

பாலிங் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"கட்டு," என்று கத்தினேன். "கட்டுடா, கட்டு."

அவன் கையைப் பார்த்தேன். நுனியைச் சுற்றி, உள்ளே நுழைத்து, இழுத்தான். மறுபடி சுற்றி, நுழைத்து, இழுத்தான். கைபழகிய முடிச்சு, நான் அவனுக்குச் சின்ன வயதில் படகுத்துறையில் சொல்லிக் கொடுத்ததுதான். முடிந்ததும் அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தான்.

கயிறு நின்றது. இரண்டு பேர் எடையில் வில்லாக வளைந்து, நின்றது. அவன் தவுக்கேயிடம் போய்ச் சேர்ந்து, தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கினான். பட்டையைத் தலைக்கு மேலே கழற்றி, கேமராப் பையை ஆற்றோடு விட்டான். அவரை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைக்குப் போனான். சேற்றில் போட்டு முதுகில் அடித்தான். தவுக்கே தண்ணீரைக் கக்கி, இருமி, புரண்டு உட்கார்ந்தார். நான் இந்தக் கரையில் தனியாக நின்று அழுதேன். எதற்காக என்று கேட்டால் இரண்டு காரணம் உண்டு. எதற்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது.

என் காலடியில் தண்ணீர் வந்திருந்தது. பானை, பாய், எல்லாவற்றையும் விட்டேன். இந்தப் பக்கத்து முனையை மரத்திலிருந்து அவிழ்த்து என் இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தேன். ஆறு என்னை வாரிக்கொண்டு போய், கயிற்றின் முழு நீளமும் தீர்ந்ததும் வெடுக்கென்று இழுத்து நிறுத்தி, அக்கரை ஓரமாக வீசியது. விலா முறிந்ததுபோல் வலித்தது. பாலிங்கும் தவுக்கேயும் சேர்ந்து என்னைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். அந்த ஒரு வெடுக்கில் என் முழு எடையையும் தாங்கியது அந்த முடிச்சு. தாங்கி, கல்லாக இறுகிவிட்டது.

மூச்சு வந்து நான் எழுந்து பார்க்கும்போது பாலிங் திரும்பவும் என்சுராய் மரத்தடிக்குப் போயிருந்தான். மரத்தைச் சுற்றி முழங்கால் அளவுத் தண்ணீர். முடிச்சின் மேல் குனிந்து நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தான்.

"டேய், வாடா. தண்ணி ஏறுது. கயிறு போனாப் போகுது."

"அவிழ்த்துட்டு வரேன்."

"தள்ளு, நான் அவிழ்க்கிறேன்."

"கட்டின கைதான் அவிழ்க்கணும். உனக்குத் தெரியாதா மச்சான்?"

தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

கரையில் உட்கார்ந்திருந்த தவுக்கே தொண்டை கட்டிய குரலில் கத்தினார். "கத்தியால வெட்டித் தள்ளுங்கப்பா. என் கடையில இதே கயிறு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு. எதுக்கு இந்தக் கஞ்சத்தனம்?"

"வெட்டினா முடிச்சு முடிச்சாவே ஆத்தோட போயிரும் தவுக்கே," என்றான் பாலிங், திரும்பாமலே.

"போனா என்ன?"

பாலிங் மறுபடி நகத்தால் நெம்பினான். லெமியாவிடம் செய்த சத்தியத்தை உடைக்க நான் யார்? தண்ணீர் அவன் தொடைக்கு ஏறியது. பிறகு அவனே சொன்னான்.

"என் பொண்டாட்டி வயித்துல இருக்கு தவுக்கே. போன ரெண்டும் தங்கல."

தவுக்கே சிபுவில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஆட்களுக்கு ஆணியும் கயிறும் விற்றே வீடு கட்டியவர். மனைவி உண்டான வீட்டுக்காரன் வந்து, ஆணி வேண்டாம், தச்சனை அனுப்பு என்று சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்பாரோ. மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. தள்ளாடி எழுந்து தண்ணீரில் இறங்கி வந்தார்.

"எனக்காகவா கட்டினே?"

"பேசாம இருங்க தவுக்கே. விரல் வழுக்குது."

தவுக்கே குனிந்து முடிச்சை உற்றுப் பார்த்தார். தொடவில்லை. "நுனியைப் பிடிச்சு இழுக்காத. ஈர நைலான் இழுக்க இழுக்கத்தான் இறுகும். ரெண்டு கட்டை விரலையும் முடிச்சு முதுகுல வச்சு முன்னாடியும் பின்னாடியும் ஒடி. அப்பறம் கயித்தை உள்ள தள்ளு."

பாலிங் ஒடித்தான். கயிறு அசையவில்லை. ஆறு அவன் காலை வாரியது. வேரைப் பிடிக்க ஒரு கையை எடுத்தால் முடிச்சுக்கு ஒரு கைதான் மிஞ்சும். நான் பின்னால் போய் அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். தவுக்கே ஒரு வேரில் காலை மாட்டிக்கொண்டு என் பெல்ட்டைப் பிடித்தார். இப்படி மூன்று பேர் ஒரு மரத்தடியில், மார்பளவு வெள்ளத்தில். வேறு யாராவது பார்த்திருந்தால் மூன்று பைத்தியங்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் முழங்கால் என்னோடு இல்லை, எங்கோ தனியாக வலித்துக்கொண்டிருந்தது.

முடிச்சு தண்ணீருக்குள் போய்விட்டது. இனி கண்ணுக்கு வேலை இல்லை. பாலிங் கன்னத்தை மரப்பட்டையில் வைத்து, கண்ணை மூடி, விரலால் தேடினான். என் நெஞ்சு அவன் முதுகில் ஒட்டியிருந்ததால் அவன் மூச்சு ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது.

"நான்தான்டா கட்டச் சொன்னேன்," என்றேன் அவன் காதருகில். "கத்தினேன்."

"கேக்கல மச்சான்."

"கத்தினேன்டா."

"தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நானாத்தான் கட்டினேன். விடு."

என் குரல் அடுத்த மலைக்குக் கேட்கும் என்று செனியா திட்டுவாள். அவனுக்குக் கேட்டதா இல்லையா என்பதை நான் இனி எப்போதும் கேட்கப் போவதில்லை.

மேலேயிருந்து ஒரு பெரிய கிளை இலையோடு வந்து எங்கள் மேல் மோதியது. தவுக்கே ஏதோ சீன மொழியில் கத்தினார், ஆனால் பெல்ட்டை விடவில்லை. தண்ணீர் என் தோளைத் தொட்டது. இவனை இழுத்துக்கொண்டு கரையேற வேண்டும், உயிரோடு இருந்தால்தான் அப்பன் என்று புத்தி சொன்னது. என் கை இன்னும் இறுகப் பிடித்ததே தவிர, இழுக்கவில்லை. லெமியாவின் முன்னால் போய் நிற்கப்போகிறவன் அவன். எப்படி நிற்பது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

"அசையுது," என்றான்.

"எது?"

"முதுகு. ஒடியுது. பிடி மச்சான், விட்டுறாத."

"விடல."

அவன் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பல்லால் கடித்தான். அவன் உடம்பு முழுவதும் ஒரு குலுக்குக் குலுக்கியது. தலை வெளியே வந்தபோது வாயில் ரத்தம். கயிறு எங்களைத் தாண்டி மரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக உருவிக்கொண்டு போனது. நான் எட்டிப் பிடித்தேன். மூன்று பேரும் உருண்டு விழுந்து, வேரைப் பிடித்து, தவழ்ந்து மேடேறினோம்.

மேட்டில் பாலிங் உட்காரக்கூட இல்லை. கயிற்றின் ஒரு நுனியிலிருந்து ஆரம்பித்து, முழு நீளத்தையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஓடவிட்டான். எங்காவது ஒரு சுருக்கு, ஒரு முறுக்கு மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். தோல் உரிந்த கை. போன இடமெல்லாம் கயிறு சிவந்தது. என் இடுப்பில் இருந்த முனையை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். அதையும் தடவிப் பார்த்தான். பிறகு கயிற்றின் மேலேயே விழுந்து, சேற்றில் முகத்தை வைத்து அழுதான். வளர்ந்த ஆண் அப்படி அழுவதை இதற்கு முன் நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் அவன்தான்.

தவுக்கே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேமரா போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இனி சரியாயிருமா ரெங்கி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தெரியாது தவுக்கே. பிள்ளை வந்துதான் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார்.

"சொல்லாதீங்க. முக்கியமா என் பொண்டாட்டிகிட்ட."

பாலிங் சேற்றிலிருந்து முகத்தைத் தூக்காமலே சிரித்தான். சிரிப்பா அழுகையா என்று சரியாகத் தெரியவில்லை, தோள் குலுங்கியது.

துறைக்கு அரைநாள் நடை பாக்கி. கயிற்றை நான் சுருட்டினேன். சுருட்டி முடித்ததும் பழக்கதோஷம், என் கை தானாகவே கடைசி நுனியைச் சுற்றி உள்ளே நுழைக்கப் போனது. நான் கட்டினால் குற்றமில்லை, கட்ட வேண்டியவனே நான்தான். ஆனாலும் நுனியை வெளியே எடுத்துவிட்டேன். சுருளை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அது வழியெல்லாம் அவிழ்ந்து சரிந்து, சேற்றில் இழுபட்டு, வேருக்கு வேர் மாட்டியது. ஒவ்வொரு முறையும் நின்று, குனிந்து, எடுத்துவிட்டு நடந்தேன். பின்னால் வந்த பாலிங் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.